வெறும் சுவரோடு சமையலறை கிடைத்த தம்பிக்கு

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறையில் தண்ணீர்க் குழாயின் முனையும் அடுப்புக்கான மின்பெட்டியும் தவிர வேறொன்றும் இல்லை என்றும், கடையொன்றில் பொருத்துகூலியோடு பன்னிரண்டாயிரம் யூரோ கேட்கிறார்கள் என்றும், நீங்களே வாங்கிப் பொருத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்த நிறுவனத்தின் அலுமாரி நல்லது, எந்த நிறம் அழுக்குக் காட்டாது, ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரலாமா என்ற கேள்விகளும் கூடவே இருக்கின்றன. நிறத்தையும் நிறுவனத்தையும் பற்றிப் பேச என்னைவிட ஆர்வமுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள்; மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், முனையை மட்டும் மாற்ற வேண்டும். பணத்தைப் பற்றிய கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனியில் வாடகை வீட்டைச் சமையலறை இல்லாமல் கையளிப்பது சாதாரண வழக்கம். வீட்டு விளம்பரத்தில் ஈ.பி.கே. (EBK) என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் மட்டுமே பொருத்திய சமையலறை உண்டு என்று பொருள். ஆகவே, கடைக்குப் போவதற்கு முன்பு, உங்களுக்கு முன் குடியிருந்தவர் தன் சமையலறையைக் கழற்றிவிட்டாரா, இன்னும் விற்கத் தயாராக இருக்கிறாரா என்று வீட்டு உரிமையாளரிடம் விசாரித்திருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் காலம் கடந்துவிட்டது. அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். பழையவர் விட்டுப்போகும் சமையலறைக்கு அவர் கேட்கும் தொகையை இங்கே ஆப்லோசே என்பார்கள். வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பொருளின் இன்றைய மதிப்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கேட்டால், அந்தக் கூடுதல் தொகைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வீட்டைவிட்டுப் போகும்போது அதைக் கழற்றி அகற்றும் கடமையும் பெரும்பாலும் உங்கள் தலையில் ஏறும் என்பதை மறக்காதீர்கள்.

நாங்கள் எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லினில் விமானம் விட்டு இறங்கி, தொடருந்தில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர்கள். அகதி முகாமில் ஒரு மாடிக்கு ஒரு குசினி. அதில் எத்தனை நாட்டவர் சமைப்பார்கள் என்று கணக்கில்லை. பிறகு தனி வீடு கிடைத்தபோது அங்கேயும் இதே வெறும் சுவர்தான் இருந்தது. இரண்டு தட்டு மின்னடுப்பைத் தரையில் வைத்துச் சமைத்தோம். பாத்திரங்களைக் குளியல் தொட்டியில் கழுவினோம். தெருவோரத்தில் ஜெர்மானியர்கள் கழித்துவைக்கும் பழைய தளபாடங்கள்தான் எங்களுக்குக் கடைவீதி. அங்கிருந்து தூக்கிவந்த அலுமாரிகளை நேராக நிறுத்திப் பழகிய கையால்தான் பின்னர் என் சொந்தக்காரர் பலருடைய சமையலறைகளையும் நான் பொருத்திக்கொடுத்தேன். வேலை விசாவில் வந்து முதல் மாதச் சம்பளத்திலேயே கடைக்குள் நுழையும் உங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை சலிப்பூட்டலாம். ஆனால் சில வாரங்கள் மின்னடுப்பில் சமைப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. அவசரம்தான் கடைக்காரருடைய முதல் இலாபம்.

அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு வருவோம். சமையலறைக் கடைகளில் பொருளுக்குப் பொருள் விலை எழுதாமல், மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, அதில் பாதியைத் தள்ளுபடி என்று அடித்துக் காட்டுவது பழைய வித்தை. எதிலிருந்து பாதி குறைந்தது என்று உங்களால் ஒருபோதும் அறிய முடியாது. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் வகை எண்களைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். அவற்றின் விலையை வெளியில் பார்த்துக் கழித்தால், வெறும் பலகைக்கும் கூலிக்கும் என்ன கேட்கிறார்கள் என்பது விளங்கும். எழுதித்தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடையில் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, இணையத்தில் வாங்கிய பொருளைப்போலப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பிவிடலாம் என்று நம்பி ஏமாந்தவர்களை நான் அறிவேன். அந்த உரிமை கடையில் வாங்குவதற்குக் கிடையாது; விலகினால் விலையில் கணிசமான பங்கை இழப்பீடாகக் கேட்பார்கள்.

நீங்களே பொருத்தினால் மிஞ்சுமா என்றால், மிஞ்சும். ஆனால் முழு வேலையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அலுமாரிப் பெட்டிகளைப் பூட்டுவது, கால்களைத் திருகி ரசமட்டம் வைத்து நிரைப்படுத்துவது, கதவுகளின் கீல்களைச் சரிசெய்வது ஆகியவற்றுக்குப் பொறுமையும் இரண்டு ஆட்களும் இருந்தால் போதும். ஐக்கியாவில் வாங்கும் பெட்டிகளோடு வரும் படங்களைப் பார்த்தே இதை முடித்துவிடலாம். இந்தப் பகுதிக்கு மணிக்கூலி கொடுப்பது என் கண்ணில் வீண்செலவு. மேல் அலுமாரிக்கு மட்டும் சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமுள்ள அட்டைச் சுவராக இருந்தால் சாதாரண ஆணி தாங்காது, அதற்கென உள்ள பிடிமானம் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கும் மின்சுவிட்சுக்கும் நேர்மேலே துளையிடாதீர்கள். கம்பிகளும் குழாய்களும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை துளையிடவே கூடாது. அண்டை வீட்டார் உங்கள் பெயரை அன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

மேற்பலகையில் சிங்குக்கு வாய் வெட்டுவதும், எல் வடிவில் இரண்டு பலகைகளைச் சேர்ப்பதும் வேறு வகை வேலை. பலகையின் உள்ளே பெரும்பாலும் இருப்பது அழுத்திய மரத்தூள். வெட்டிய விளிம்பை நன்றாகப் பூசி அடைக்காவிட்டால் தண்ணீர் ஊறி அது ஊதிப்போகும். பிறகு பலகை முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். கடையே வந்து அளவெடுத்தால், அளவு பிழைத்தால் அது கடையின் பொறுப்பு. நீங்கள் அளந்து கொடுத்தால் அந்த நட்டம் உங்களுடையது. தொழிற்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பொறுப்புக்கான விலைதான் என்று எண்ணுங்கள். பழைய கட்டடமென்றால் சுவர்கள் செங்கோணத்தில் இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள்.

மின்னடுப்பின் இணைப்பில் நீங்கள் கைவைக்கவே வேண்டாம். அதற்கு வருவது 400 வோல்ட் மும்முனை இணைப்பு. ஒரு பியூசை இறக்கிவிட்டு மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்தால், மற்ற இரண்டு கம்பிகளில் அது உயிரோடு இருக்கலாம். பதிவு பெற்ற மின்பணியாளர்தான் அதை இணைக்க வேண்டும். நூறு யூரோவை ஒட்டிய இந்தச் செலவை மிச்சம் பிடித்தால், பின்னர் தீப்பிடித்தபோது காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

இப்போது எனக்கு ஆற்றாமை தரும் விடயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு யாராவது, 'நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், ரசீது வேண்டாம், கையில் கொடுத்தால் பாதி விலையில் முடித்துவிடுவார்' என்று நிச்சயமாகச் சொல்வார்கள். நம்மவர்களில் திறமையான கைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் என் உறவினர் வீட்டில் இப்படி வந்து போனவர் விட்டுச்சென்ற தளர்ந்த இணைப்பிலிருந்து தண்ணீர் கீழ்வீட்டுக் கூரைவரை இறங்கியபோது, அந்த 'நம்ம ஆள்' தொலைபேசியை எடுக்கவே இல்லை. வழக்குப் போடலாமே என்பீர்கள். 2013இல் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்துவிட்டது. ஒரு பெண் தன் வீட்டு முன்வழிக்கு 1,800 யூரோவை ரசீதில்லாமல் கையில் கொடுத்துக் கல் பதிப்பித்திருந்தார். வரியைத் தவிர்க்க இருவரும் அறிந்தே செய்த ஒப்பந்தம் செல்லாது, ஆகவே வேலையில் குறையிருந்தாலும் உரிமை கோர முடியாது என்பது தீர்ப்பு. 2015இல் இன்னொரு வழக்கில், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ரசீதோடு செய்தால் 19 சதவீத விற்பனை வரி கூடுகிறதே என்று கணக்குப் போடுவீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 35அ பிரிவைப் பாருங்கள். வீட்டுக்குள் செய்த கைவினைப் பணியின் கூலியில் 20 சதவீதத்தை, ஆண்டுக்கு 1,200 யூரோவரை, நீங்கள் கட்டும் வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். வாடகைக்காரருக்கும் இது உண்டு. பொருளின் விலை இதில் சேராது. கூலி ரசீதில் தனியாகத் தெரிய வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும். ஆகவே கையில் கொடுப்பவர் 'மிச்சம்' பிடித்ததாக நினைக்கும் தொகை உண்மையில் மிகச் சிறியது.

பெரிய வெள்ளைச் சமையலறைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களில் சிலர் பளபளக்கும் சமையலறையைப் போட்டுவிட்டு, தாளிப்பு மணம் ஒட்டிவிடும் என்று நிலவறையில் இன்னொரு அடுப்பை வைத்துச் சமைக்கிறார்கள். விருந்தினர் வந்தால் மேலே காப்பி மட்டும். நீங்கள் அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல புகையுறிஞ்சிக்குச் செலவிடுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைத்து வெளியே குழாய் விடவோ, கட்டடத்தின் பொதுக் காற்றுப்பாதையில் இணைக்கவோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் கரி வடிகட்டி உள்ள வகையை வாங்கி, வடிகட்டியைத் தவறாமல் மாற்றுங்கள்.

உங்களிடத்தில் நானாக இருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலை மாறி வேறு நகரம் போகக்கூடியவன் என்ற கணக்கில், நேர்வரிசையில் ஒரே மேற்பலகை வைத்து, பெட்டிகளை நானே பூட்டி, பலகை வெட்டுவதற்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் ரசீதோடு ஆள் பிடிப்பேன். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி போன்ற எளிய சாதனங்களோடு மொத்தச் செலவு அந்தப் பன்னிரண்டாயிரத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாது. சுவருக்குச் சுவர் அளவையும், குழாயும் மின்பெட்டியும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதையும் எழுதி அனுப்பினால், எந்த அகலத்தில் எத்தனை பெட்டி அடங்கும் என்று சொல்கிறேன். வீட்டு வரைபடத்தில் உள்ள அளவை அனுப்ப வேண்டாம். நீங்களே நாடா பிடித்து, ஒவ்வொரு சுவரையும் மேலும் கீழும் இரண்டிடத்தில் அளந்து அனுப்புங்கள்.