விலகிய தூதரக அதிகாரி மீண்டும் பணியில் சேர முடியுமா?

கேள்வி: அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஒன்பது ஆண்டுகள் தூதரக அதிகாரியாகப் பணியாற்றிவிட்டு, நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்வதற்காக நானாகவே விலகினேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எனக்கு வயது 47. முன்னாள் அதிகாரிகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு என்கிறார்கள். அதை உரிமையாகக் கோர முடியுமா? நுழைவுத் தேர்வை மறுபடியும் எழுத வேண்டுமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது 1980ஆம் ஆண்டின் வெளியுறவுச் சேவைச் சட்டத்தில் உள்ள 308ஆம் பிரிவு. அது உங்களுக்கு உரிமை எதையும் வழங்கவில்லை. விலகியவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது, அவ்வளவுதான். விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் இந்தப் பிரிவைக் காட்டி வேலையைக் கேட்டுப் பெற முடியாது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

அந்தப் பிரிவு இரண்டு விதமானவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஓய்வுபெற்றவர்களை வெளியுறவு அமைச்சர் வரையறுக்கப்பட்ட காலத்துக்குத் திரும்ப அழைக்கலாம். அப்படி வருபவருக்கு அந்தக் காலத்தில் ஓய்வூதியத்துக்குப் பதிலாக முழுச் சம்பளம் கிடைக்கும். நீங்கள் அந்த வகையில் வரமாட்டீர்கள். உங்களுக்குப் பொருந்துவது, நிரந்தரப் பணியில் இருந்து விலகியவர்களை மீண்டும் நியமிக்க வழிசெய்யும் இரண்டாவது உட்பிரிவு. புதிதாகச் சேர்பவர்கள் கடக்க வேண்டிய தகுதிகாண் பருவத்திலிருந்து அது விலக்கு அளிப்பதோடு, தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற சம்பள நிலையில் அமர்த்தவும் இடம் தருகிறது. ஆகவே இந்த வழியில் எடுத்துக்கொள்ளப்பட்டால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் இந்தச் சலுகை, விலகும்போது பணி நிரந்தரம் ஆகியிருந்தவர்களுக்கு மட்டுமே. எத்தனை ஆண்டுகள் பணியில் இருந்தீர்கள் என்பதை விட, நிரந்தர நியமனம் கைக்கு வந்ததா என்பதே இங்கே கணக்கு. உங்களிடம் உள்ள கடைசி எஸ்எஃப்-50 படிவத்தை (பணி நியமன விவரங்களைப் பதிவுசெய்யும் அரசு ஆவணம்) எடுத்து, நியமனத்தின் வகை என்ன என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். தகுதிகாண் பருவத்திலேயே விலகியிருந்தால் 308ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. மற்ற விண்ணப்பதாரர்களைப் போலத் தேர்வு வழியாகத்தான் வர வேண்டும். ஒன்பது ஆண்டுகள் இருந்ததாகச் சொல்வதால் பணி நிரந்தரமாகியிருக்கும் என்றே எண்ணுகிறேன். இருந்தாலும் நினைவை நம்பாமல் படிவத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துறை ஒப்புக்கொண்டாலும் உடனே பணியில் அமர முடியாது. தூதரக அதிகாரிகளின் நியமனம், மறுநியமனம் உட்பட, செனட் சபையின் இசைவோடு அதிபர் செய்வது. ரகசிய ஆவணங்களைக் கையாளும் அனுமதி ஆறு ஆண்டு இடைவெளியில் காலாவதியாகியிருக்கும் என்பதால், பின்னணி விசாரணை புதிதாகத் தொடங்கும். மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் செல்லத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பழையபடியே நீடிக்கிறது. தாயாருக்கு இன்னும் உங்கள் துணை தேவைப்படுகிறது என்றால், விண்ணப்பிக்கும் முன்பே குடும்பத்தில் பேசி முடிவுசெய்துவிடுங்கள்.

ஓய்வூதியக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 50 வயதும் 20 ஆண்டுப் பணியும் நிறைந்தவர் ஓய்வூதியத்தோடு விலகலாம். கட்டாய ஓய்வு வயது 65. நீங்கள் இன்னும் 11 ஆண்டுகள் பணியாற்றினால் ஏறக்குறைய 58 வயதில் அந்தத் தகுதியை எட்டிவிடுவீர்கள். விலகியபோது சந்தாத் தொகையைத் திரும்பப் பெற்றிருந்தால் மட்டும், அதை வட்டியோடு செலுத்தினால்தான் பழைய ஒன்பது ஆண்டுகள் கணக்கில் முழுமையாகச் சேரும்.

இத்தனை தடைகளைச் சொன்னாலும் முயற்சியைக் கைவிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். பெண் அதிகாரிகள் திருமணம் செய்துகொண்டால் பதவி விலக வேண்டும் என்ற வழக்கம் 1970களின் தொடக்கம் வரை அந்தத் துறையில் இருந்தது. ஃபிலிஸ் ஓக்லி என்ற அதிகாரி 1958இல் அப்படித்தான் வெளியேறினார். வழக்கம் மாறிய பிறகு 1974இல் திரும்பி வந்து, பின்னாளில் உதவி வெளியுறவு அமைச்சர் பதவி வரை உயர்ந்தார். பதினாறு ஆண்டு இடைவெளி அவருடைய திறமையைக் குறைத்துவிடவில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போனவரின் அனுபவத்தை வீணாக்குவது அரசுக்குத்தான் நட்டம் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழியை அகலப்படுத்தும் மசோதா ஏதேனும் தாக்கலானதாகச் செய்தி வந்தாலும், இரு அவைகளிலும் நிறைவேறி அதிபர் கையெழுத்தாகும் வரை அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இப்போதுள்ள சட்டத்தின்படியே விண்ணப்பியுங்கள்.

அதோடு இன்னொரு வழியையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியுறவுச் சேவையில் தற்காலிகமல்லாத நியமனத்தில் தொடர்ந்து ஓராண்டாவது பணியாற்றியவர்களைப் போட்டித் தேர்வு இல்லாமலேயே குடிமைப் பணியில் எடுத்துக்கொள்ள, 1965ஆம் ஆண்டு அதிபர் ஆணையின் அடிப்படையிலான விதி ஒன்று உண்டு. கூட்டாட்சிப் பணி நியமன விதிகளில் 315.606 என்ற எண்ணில் அது இருக்கிறது. வெளியுறவுத் துறை மட்டுமல்லாமல் மற்றத் துறைகளும் அதன்படி உங்களை அமர்த்தலாம். அடிக்கடி நாடு மாற வேண்டியிருக்காது என்பதால், தாயாரை விட்டுப் பிரிய முடியாத நிலை இருந்தால் இதையே நீங்கள் முதலில் முயன்று பார்க்கலாம். விண்ணப்பத்தில் அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு, எஸ்எஃப்-50 படிவத்தின் நகலை இணைத்து அனுப்புங்கள்.