கடைசி வரியைப் பற்றி

மூன்று பக்கக் கடிதம். முக்கால்வாசி உங்கள் நான்கு வயது மகனின் ஆட்டிசம் பற்றி: தடுப்பூசி, செல்போன், கோதுமையையும் பாலையும் நிறுத்தலாமா, ஸ்டெம் செல் சிகிச்சை. முடிவில், பொடி எழுத்தில் ஒரு வரி: “மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. சில நாள், காலையில் கண்விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்றிருக்கிறது.”

நாளைக்கே உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, கேட்கும். அந்த வரியை அவரிடம் மழுப்பாமல் அப்படியே சொல்லுங்கள். இன்று இரவே கணவரிடமும் சொல்லுங்கள். எப்படிச் சாவது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தாலோ, பிள்ளையையும் அதில் சேர்த்து யோசித்தாலோ, நாளைவரை பொறுக்கக் கூடாது. அந்த நிமிடமே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், உறவினர் கொடுத்த தூக்க மாத்திரை. பாதி பாதியாகப் போடுகிறீர்களாம்! யாருக்கோ எழுதிய மாத்திரை உங்களுக்கு எதற்கு? அட்டையைக் கணவரிடம் கொடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதையும் காட்டுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடித்துவிடலாம். தடுப்பூசிப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. எழுதியவரின் மருத்துவ உரிமமும் போயிற்று. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து, அந்தக் கட்டுரை பழித்த தட்டம்மைத் தடுப்பூசிக்கும் (எம்.எம்.ஆர்.) ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டெம் செல்லுக்கு ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள். நாலே நாலு பண்டம் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து கோதுமை, பால் என்று இரண்டைப் பிடுங்காதீர்கள். மாமியார் சொல்வதுபோல், கர்ப்பத்தில் நீங்கள் அழுததும் காரணமில்லை. ஒரு காலத்தில் மனநலத் துறையில் என் தொழில்காரர்களே ‘பாசமில்லாத தாய்’ என்று இந்தப் பழியைப் பெண்கள்மேல் போட்டார்கள். வெட்கக்கேடு.

பேச்சுப் பயிற்சி தொடரட்டும். வீட்டில் அவனோடு எப்படி விளையாடுவது, அடம்பிடித்தால் என்ன செய்வது என்று பெற்றோருக்கே கற்றுத்தர உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கானது. ஒன்பது குழு வகுப்புகள், மூன்று முறை வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பக்கம் நடக்கிறதா என்று அவனைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோர் குழு இருந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன முதல் நாளே யாராவது ‘இதில் குணமாகும்’ என்று பவுடர் டப்பாவை நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.

“என்னைத் தவிர யாருக்கும் அவனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது” என்கிறீர்கள். சரி, தெரியவையுங்கள். ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தால் வெளியே போகவேண்டும் என்று அர்த்தம். மிக்ஸியை ஓட்டுமுன் அவனுக்குக் காட்டிவிட்டு ஓட்ட வேண்டும். அடுக்கிய ஸ்பூன்களைக் கலைக்கக் கூடாது. கதவுத் தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்க வேண்டும். தாளை மாமியாரிடமோ கணவரிடமோ கொடுத்து, வாரத்தில் இரண்டு மதியம், இரண்டிரண்டு மணி நேரம் அவனை விட்டுவிடுங்கள். முதல் நாள் அழுவான்.

அந்த இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குங்கள். யூடியூபில் ஆட்டிசம் என்று தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.