பணித்தளத்தில் முதல் வருடம்: எனக்கு அழைப்பே இல்லையோ?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். என் கணவர் மிஷனெரி. ஜூன் மாதம் ஜார்க்கண்டின் சாஹிப்கஞ்ச் மாவட்டத்துக்கு வந்தோம். வாரத்தில் பாதி நாள் அவர் ராஜ்மகால் மலைமேல் மால்தோ பேசும் கிராமங்களில் இருப்பார். நானும் மூன்று வயது மகளும் அடிவாரத்தில் வாடகை வீட்டில். இந்தி திக்கித் திணறித்தான் வருகிறது, மால்தோ சுத்தமாகப் புரியவில்லை. கடுகெண்ணெய் வாடை குமட்டுகிறது. காய்ச்சல் பயம் வேறு. ஜெபக்குழுவினர் போன் செய்து, "எத்தனை ஆத்துமாக்கள் விசுவாசத்துக்கு வந்தார்கள்?" என்று கேட்கிறார்கள். அம்மாவோ "திரும்பி வந்துரு" என்கிறாள். இந்த ஊழியத்துக்கு ஆண்டவர் தரும் அழைப்பே எனக்கு இல்லையோ என்று ராத்திரியில் அழுகிறேன். - பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புத் தங்கைக்கு,

அழைப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியை இந்த வருடம் எடுக்கவே எடுக்காதீர்கள். வீடு, பாஷை, சாப்பாடு, பேச்சுத்துணை எல்லாம் ஒன்றாக மாறிப்போன ஒருத்தி ராத்திரியில் அழுதால், அவளுக்கு ஊர் இன்னும் பழகவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம். கணவரோடு வடக்கே பணித்தளங்களில் குடியிருந்தவள் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் காய்ச்சல், ஏனென்றால் வீட்டில் குழந்தை இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலும் பக்கத்துப் பாகூர், தும்காவிலும் மலேரியாவோடு காலா அசார் என்ற நீண்ட காய்ச்சல் நோயும் பல காலமாக இருந்துவருகிறது. இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் கவனம் வேண்டும். காலா அசாரைப் பரப்புவது கொசுவைவிடச் சின்னதான மணல் ஈ. மண்சுவர் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருக்கும், சாதாரண கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அதனால் நெருக்கமான கண் உள்ள, மருந்தூட்டிய வலையாக வாங்குங்கள். சுவர் விரிசலைப் பூசச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அரசு ஆட்கள் மருந்தடிக்க வந்தால் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு எல்லா அறைக்கும் அடிக்கச் சொல்லுங்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் விட்டுவிட்டு வந்தால் காலா அசார் பரிசோதனை என்று வாய்விட்டுக் கேளுங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்வது. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கிடையாது. இதில் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது சொன்னால், ஆமென் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் பாஷை. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் தமிழ் படித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-ல். தமிழில் வேதம் வாசித்து வளர்ந்த நாம், மலைக்குப் போன மறுமாதமே சரளமாகப் பேச வேண்டும் என்று நினைப்பது நியாயமே இல்லை. மால்தோவும் நம் திராவிடக் குடும்பத்து மொழிதான், ஆனால் அந்த உறவு காதுக்குத் தெரியாது. முதலில் இந்தியைப் பிடியுங்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வேண்டும்.

எங்கே படிப்பது? அடிபம்பில். கூச்சப்பட்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வந்த பெண்கள் பலரும் அதைத்தான் செய்வார்கள். நாளைக்குக் கூட்டம் இருக்கும்போது போங்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நில்லுங்கள். முன்னால் நிற்கும் அம்மாவுக்குக் கைப்பிடியை அடித்துக் கொடுங்கள். அதற்குப் பாஷை தேவையில்லை. உங்கள் முறை வரும்போது அவர் அடித்துக் கொடுப்பார். இதற்குள் உங்கள் மகள் அங்குள்ள பிள்ளைகளோடு சேற்றில் இறங்கியிருப்பாள். அவள்தான் உங்களுக்கு முன்பே பேசப்போகிறாள், அவளிடம் கேட்டுப் படியுங்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சேர்ந்து சிரியுங்கள். ஒரு வார்த்தை திருத்திக் கொடுத்தவளுக்கு நம்மேல் ஒரு உரிமை வந்துவிடும், அடுத்த நாள் அவளாகவே கூப்பிடுவாள்.

சாப்பாட்டுக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மலை மக்கள் சந்தைக்குக் கொண்டுவரும் பர்பட்டி நம்ம தட்டப்பயறுதான், கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வையுங்கள். உஸ்னா அரிசி என்று கேட்டால் புழுங்கலரிசி கிடைக்கும். கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுத் தாளித்தால் அந்தக் காரவாடை போய்விடும்.

இனி, கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று. உங்கள் கணவர் மலைக்குப் போகும்போது அவருக்கு ஜனங்களும் வேலையும் இருக்கிறது. உங்களுக்கு நாலு சுவர். இதைக் குறையாக இல்லாமல், விவரமாக அவரிடம் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு தடவையாவது உங்களையும் மகளையும் மேலே கூட்டிப்போகட்டும். மக்காச்சோளம் உரிக்கும் பெண்களோடு நீங்களும் உட்காருங்கள். எந்தக் கிராமத்தைப் பற்றி ஜெபிக்கிறோம் என்று முகம் தெரிந்தால் வீட்டில் தனியாக இருப்பதற்கே ஒரு அர்த்தம் வரும். இறங்கி வந்த மறுநாள் அவர் வீட்டுக்கு என்று இருக்க வேண்டும், அறிக்கை எழுதும் நாளாக இல்லை. அவர் தயங்கினால் மிஷன் பொறுப்பாளரிடம் நீங்களே பேசுங்கள். மனைவி உடைந்துபோன வீட்டை வைத்துக்கொண்டு எந்த ஊழியமும் நடக்காது என்பது பணித்தளத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஜெபக்குழுவினர் பாவம், வெற்றிக் கதைகளையே கேட்டு வளர்ந்தவர்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது, 1912-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குப் பேராயர் ஆனார் என்று மேடையில் சொல்வோம். இடையில் நம் ஊர்க்காரர்கள் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படித்த வருடங்களை யாரும் சொல்வதில்லை. நீங்கள் உள்ளதை எழுதுங்கள்: "இந்த மாதம் பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர் தெரிந்துகொண்டேன். அவர் பேரனின் காய்ச்சலுக்காக ஜெபியுங்கள்." எண்ணிக்கை கேட்டால், இது பாஷை படிக்கும் வருடம் என்று தயங்காமல் சொல்லுங்கள். எண்ணிக்கை அவசரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தப் பேரனுக்கு நீங்கள் மருந்து வாங்கிக் கொடுப்பதையும் அவன் வீட்டார் ஆராதனைக்கு வருவதையும் ஒருநாளும் முடிச்சுப் போடாதீர்கள். ஆசை காட்டியோ வற்புறுத்தியோ மதம் மாற்றுவது ஜார்க்கண்டில் 2017-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் ஏழையின் காய்ச்சலை வைத்து விசுவாசம் வாங்குவது பாவம். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு மருந்து போக வேண்டும்.

அம்மாவிடம் போனில் வாதாடாதீர்கள். நேரில் வந்து பார்க்கட்டும். டிசம்பர், ஜனவரியில் வேண்டாம், அந்தக் குளிர் நம் ஊர் உடம்புக்கு ஆகாது. பிப்ரவரி கடைசியில் வரச் சொல்லுங்கள். ரயிலில் வரும்போது கருப்பட்டியும் சாம்பார் பொடியும் கொண்டுவரட்டும். கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள், அடிபம்பு வீடுகளுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.