யூவி லைட் எரியுது, கிருமி ஏன் சாகல?

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் எஸ்டிபில (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போன வருஷம் கிருமியைக் கொல்ல யூவி (புற ஊதா) லைட் போட்டாங்க, இனிமே குளோரின் வேணாம்னு அதையும் நிறுத்தியாச்சு. இப்ப ஃபிளஷ் தண்ணி நாறுது, லேப் ரிப்போர்ட்ல ஈ.கோலை (மலத்துல இருந்து வர்ற கிருமி) இருக்குன்னு வந்திருக்கு. லைட் என்னமோ பளிச்சுனு எரியுது. ஏமாத்திட்டாங்களா சார்?
– வாசகி, பெருங்குடி

பதில்: எரியறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நீங்க பாக்கற நீல வெளிச்சம் வேற, கிருமியோட டிஎன்ஏவைச் சிதைச்சு அது பெருகாம பண்ற 254 நானோமீட்டர் கதிர் வேற, அது கண்ணுக்கே தெரியாது. பல்பு பழசாக ஆக இந்தக் கதிர் குறைஞ்சுக்கிட்டே வரும், வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும். ராப்பகலா ஓடினா ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரம், நிறைய பல்புக்கு ஆயுசே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால முதல்ல மணிக்கணக்கைப் பாருங்க.

அடுத்து, பல்பைச் சுத்தி இருக்கற குவார்ட்ஸ் குழாய். சாதாரண கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதுக்காகத்தான் குவார்ட்ஸ் போடறாங்க. நம்ம போர் தண்ணில இருக்கற சுண்ணாம்பும் இரும்பும் அதுமேல படிஞ்சா கதிர் வெளியவே வராது. கரன்ட்டை அணைச்சுட்டு (எரியறப்ப எட்டிப் பாக்கவே கூடாது, கண்ணு போயிடும்) ஆபரேட்டர்கிட்ட குழாயைக் கழட்டச் சொல்லுங்க, விரல்ல தடவினா சொரசொரன்னு இருந்தா சிட்ரிக் ஆசிட்ல துடைக்கணும். சாண்ட் ஃபில்டர் சரியில்லாம தண்ணி கலங்கலா வந்தாலும் இதே கதைதான், துகளோட நிழல்ல கிருமி தப்பிச்சுடும்.

நாத்தத்துக்கும் யூவிக்கும் சம்பந்தமே இல்ல, அது பெரும்பாலும் எஸ்டிபி தொட்டில காத்து பத்தாததால வர்றது, காத்து அடிக்கற ப்ளோயரைப் பாருங்க.

சாம்பிளை எங்க எடுத்தாங்கன்னும் கேளுங்க. யூவி தாண்டின உடனே எடுத்ததுல ஈ.கோலை இல்லாம மாடி டேங்க்ல மட்டும் இருந்தா லைட்டைக் குத்தம் சொல்லாதீங்க, குளோரின் மாதிரி யூவி தண்ணிக்குள்ள எதையும் விட்டுட்டுப் போறதில்ல, அதனால டேங்க்ல திரும்ப வளரும். குளோரினை மொத்தமா நிறுத்துனது என்னைக் கேட்டா அவசரம், டேங்க்ல கொஞ்சமாவது இருக்கணும்.

கேள்வி: சிங்கப்பூர்ல சாக்கடைத் தண்ணிய யூவில காட்டிட்டு குடிக்கறாங்களாமே?
– வாசகர், திருச்சி

பதில்: அது நியூவாட்டர், 2003ல இருந்து நடக்குது. யூவி அங்க கடைசி கட்டம்தான், அதுக்கு முன்னாடியே நுண்வடிகட்டி, ஆர்ஓ ரெண்டையும் தாண்டி வந்துடும். அதுலயும் பெரும்பகுதி தொழிற்சாலைக்குத்தான் போகுது, குடிக்கறதுக்குன்னா ஏரில கலந்து திரும்பவும் சுத்திகரிச்சுதான் வரும். வீட்டு எஸ்டிபி தண்ணிய அதோட சேர்க்காதீங்க, செடிக்கும் ஃபிளஷுக்கும் விடுங்க.