பதுங்குகுழிப் பக்கங்கள் கரியாகத் தெரிகின்றன, கலர் போடலாமா?

கேள்வி: சின்ன வயதில் நான் பார்த்த போரைக் கிராஃபிக் நாவலாக வரைந்து முடித்திருக்கிறேன். முழுக்கக் கறுப்பு மசி, ஏ3 தாள். புத்தகம் ஏ5 அளவில் வருகிறது. மாதிரிப் பிரதியில் பதுங்குகுழிக் காட்சிகள் கரி பூசியதுபோல இருக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை. அச்சு வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லும் முகவர், "கலர் போட்டால்தான் எடுபடும், நானே ஆள் வைத்துச் செய்து தருகிறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கலர் வேண்டாம். உங்கள் பக்கங்களில் குறைவது வெள்ளை.

ஏ3-ஐ ஏ5 ஆக்கினால் நீளமும் அகலமும் சரிபாதியாகிவிடும். நீங்கள் அனுப்பியதில் அம்மா விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கட்டத்தைப் பாருங்கள். பின்னாலிருக்கும் மண்சுவருக்கு நெருக்கமாகக் குறுக்குக்கோடுகள் போட்டிருக்கிறீர்கள். கோடுகளுக்கு நடுவே உங்கள் தாளில் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் புத்தகத்தில் அதில் பாதிதான் மிஞ்சும். அச்சு மசி தாளில் ஊறிப் பரவும், பூச்சில்லாத தாளில் இன்னும் கூடுதலாக. அந்த இடைவெளி அடைத்துக்கொண்டதும் சுவர், அம்மாவின் முதுகு, மடியில் படுத்திருக்கும் பிள்ளையின் தலைமுடி எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டன.

திரும்ப வரைய வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களைப் பாதி அளவில் ஜெராக்ஸ் எடுத்து, அடைத்துக்கொண்ட இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அப்புறம் மூலத்தாளில் சுவரை முழுக் கறுப்பாகவே நிரப்பிவிடுங்கள். அரைகுறை இருட்டுதான் அச்சில் அழுக்காகத் தெரியும். ஒரு கட்டத்துக்கு ஒரே வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு, அது படும் இடத்தை மட்டும் வெள்ளை மசியால் தடிமனாக எடுங்கள். இந்தக் கட்டத்தில் அம்மாவின் விரல் முட்டிகள், மூக்கின் விளிம்பு, பிள்ளையின் ஒரு கண். கறுப்புக்கு நடுவே வரும் வெள்ளைக்கோடு அச்சான பிறகு கால் மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது உங்கள் தாளில் அரை மில்லிமீட்டர்.

லெபனான் ஓவியர் ஸீனா அபிராஷெத் தன் பெய்ரூத் சிறுவயதை இப்படித்தான் வரைந்தார். 1984-இல் ஒரு இரவு, குண்டுவீச்சுக்குப் பயந்து பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் வீட்டின் முன்கூடத்தில் ஒடுங்கியிருப்பதுதான் கதை. சாம்பல் நிறத்துக்கு அங்கே இடமில்லை. முழுக் கறுப்பில் முகங்கள் வெள்ளையாக மிதக்கின்றன. ஈரானில் கழிந்த தன் சிறுவயதைச் சொன்ன மர்ஜான் சத்ரபியும் அப்படித்தான். கலர் இல்லாததால் அந்தப் புத்தகங்கள் எடுபடாமல் போய்விடவில்லை என்று உங்கள் முகவரிடம் சொல்லுங்கள்.

சூழல் விஷயத்தில் இன்னொன்று. விளக்கணைப்பு அமலில் இருக்கும் ஊரில் வெளிச்சம்தான் ஆபத்து, இருட்டுதான் பாதுகாப்பு. உங்கள் கதையில் அம்மா விளக்கை மறைப்பதே அதற்காகத்தான். ஆனால் குழிக்குள் நடக்கும் பக்கங்களிலும் கட்டங்களுக்கு நடுவே பளிச்சென்று வெள்ளை இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அதைக் கறுப்பாக்குங்கள், பக்கம் முழுவதும் ஒரே குழியாகிவிடும். விமானம் போய், மேலே ஏறி வரும் பக்கத்தில் வெள்ளை இடைவெளி திரும்பட்டும். வாசகருக்கு அங்கேதான் மூச்சு வரும். தொடர்ந்து பன்னிரண்டு பக்கம் இருட்டாகவே போனால் கண் பழகிவிடும், பயம் போய்விடும்.

இனி கோப்பு விஷயம். பாதிப் புத்தகங்கள் கெடுவது இங்கேதான், முகவர்கள் சம்பாதிப்பதும் இங்கேதான்.

மசிக் கோட்டோவியத்தை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து, சாம்பலே இல்லாத பிட்மேப்பாக, அதாவது ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்று, டிஃப் (TIFF) கோப்பில் வைக்க வேண்டும். ஜேபெக் கூடாது. 300 டிபிஐ-யில் சாம்பல் படமாக அனுப்பினால் கோட்டின் ஓரமெல்லாம் அச்சில் புள்ளிகளாக உடைந்து மங்கும். இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பல அச்சகங்களின் படிவத்தை எடுத்துப் பாருங்கள்: '300 டிபிஐ, நான்கு நிறம், பிடிஎஃப்'. கல்யாணப் பத்திரிகைக்கும் அதே வரி, கோட்டோவியத்துக்கும் அதே வரி. ஒற்றைக் கறுப்பு பிட்மேப் என்று எழுத ஒரு கட்டம்கூட இருக்காது. கேட்டால் "சிஸ்டம் எடுக்காது" என்பார்கள். மெஷின் எடுக்கும், படிவம்தான் எடுக்காது. மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தை நான்கு நிறக் கோப்பாக மாற்றினால் என்ன ஆகும்? கறுப்பே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மசிகளைக் கலந்து அச்சாகும். அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த வெள்ளைக்கோட்டில் நீலமும் சிவப்பும் கசியும். டிஜிட்டல் அச்சு என்றால் அந்தப் பக்கத்தைக் கலர் பக்கமாகவே கணக்கெழுதுவார்கள். கலரே இல்லாத புத்தகத்துக்குக் கலர் பில் வருவது இப்படித்தான். சில முகவர்களுக்கு இது தெரியாது. சிலருக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு யாராவது பென்சில் ஓவியத்தைப் பிட்மேப் ஆக்கிவிடுவார்கள். மிரியம் கட்டின் என்ற ஓவியர், இரண்டாம் உலகப் போரில் தாயும் தானும் புடாபெஸ்ட்டிலிருந்து தப்பிய கதையைப் பென்சிலில் வரைந்தார். 2006-இல் வந்த புத்தகம். பிற்காலத்து வாழ்க்கை அதில் கலரில் வருகிறது. போர்க்காலம் பெரும்பாலும் பென்சிலின் சாம்பல்தான். அங்கே தேய்ந்த கரியும் அழுத்தமும்தான் சூழலே. அதைப் பிட்மேப் ஆக்கினால் செத்துவிடும். பென்சில் என்றால் கிரேஸ்கேல், அதாவது சாம்பல் படம், ஆனால் கறுப்பு ஒற்றை மசியில்தான். நடுச்சாம்பலையும் கொஞ்சம் வெளிர வைத்து அனுப்ப வேண்டும், அச்சில் அது தானாகவே கருக்கும். நீர்த்த மசிக்கும் இதே வழி. உங்கள் புத்தகத்தில் சிறுவயதில் போட்ட பழைய பென்சில் படம் ஒன்றை ஒட்டியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த ஒரு படம் கிரேஸ்கேலில் போகட்டும். அதைச் சுற்றியுள்ள கட்டங்களும் எழுத்தும் பிட்மேப்பாகத் தனியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கலாம், வடிவமைப்பவருக்கு அரை மணி நேர வேலை. முடியாது என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தாளையும் கவனியுங்கள். மெல்லிய தாளில் முழுக் கறுப்புப் பக்கம் பின்பக்கத்துக்குத் தெரியும். இருட்டுப் பக்கத்தின் பின்னாலேயே மேலே ஏறி வரும் வெள்ளைப் பக்கம் வராதபடி அடுக்குங்கள்.

முகவரை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஸ்கேன் கோப்புகள் உங்கள் கையில் இருக்க வேண்டும், மூலத்தாள்கள் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கலர் போட்ட பதிப்பு தன்னுடையது என்று பின்னால் அவர் சொல்ல முடியாதபடி ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணம் கொடுப்பதற்கு முன் மிக இருட்டான மூன்று பக்கங்களை, புத்தகம் அச்சாகப் போகும் அதே தாளில், அதே மெஷினில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அலுவலகப் பிரிண்டரில் எடுத்த தாளைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.