வாங்கும் முன் கேளுங்கள்: பேட்டரியைத் தராசில் வைத்துப் பாருங்கள்

மின்சார சைக்கிளைத் தாங்களே கட்டிக்கொள்ள நினைப்பவர்களின் கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஆன்லைனில் ஒரு ஃபிரேம் கிட் பார்த்தேன். நடுவில் பேட்டரி வைக்கப் பெட்டியோடு இரும்பு ஃபிரேம், 1500 வாட் மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், வேகம் கூட்டும் த்ராட்டில் எல்லாம் தருகிறார்கள். "பேட்டரி வண்டிதானே, லைசென்ஸும் வேண்டாம், ஆர்.சி.யும் வேண்டாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
*சேலம் வாசகர்*

நம்பாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குத்தான் அது பொருந்தும். அதோடு, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிறுவனம் ஒன்றின் சான்றிதழும் வேண்டும். தனியாக வாங்கிப் பூட்டிய கிட்டுக்கு அந்தச் சான்றிதழ் தானாக வந்துவிடாது.

1500 வாட் என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைப் பதிவு செய்வது நடைமுறையில் ஆகிற காரியம் இல்லை. நாளைக்கு ரோட்டில் ஒரு பெரியவர் மேல் இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாததால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார். சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ரோட்டுக்கு என்றால் 250 வாட் ரெடிமேட் சைக்கிள் வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் சான்றிதழ் நகலைக் கேளுங்கள்.

என் பேட்டரி 13 செல் வரிசை லித்தியம் அயன். சார்ஜர் கெட்டுவிட்டது. நண்பரிடம் 58.4 வோல்ட் சார்ஜர் இருக்கிறது, பின் அப்படியே பொருந்துகிறது. போடலாமா?
*திருப்பூர் வாசகர்*

போடாதீர்கள், தீப்பிடிக்கலாம். உங்கள் பேட்டரிக்கு 54.6 வோல்ட் சார்ஜர்தான். 58.4 என்பது 16 செல் வரிசை எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்ற வேறு வகை பேட்டரிக்கானது.

"48 வோல்ட், 20 ஆம்பியர் ஹவர், 60 கிலோமீட்டர் ஓடும்" என்று சொல்லி விற்ற பேட்டரியை வாங்கினேன். 15 கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. எடை இரண்டரை கிலோ. நான் ஓட்டும் விதம் சரியில்லை என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
*மதுரை வாசகர்*

நீங்கள் ஓட்டும் விதத்தில் ஒரு குறையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: இரண்டரை கிலோ.

கணக்கைப் பாருங்கள். இந்தப் பேட்டரிகளில் பெரும்பாலும் 18650 என்ற சின்ன உருளை செல்கள்தான் இருக்கும். ஆம்பியர் ஹவர் என்பது பேட்டரி சேமிக்கும் கரண்டின் அளவு. நல்ல கம்பெனி செல்லே பொதுவாக 3.5 ஆம்பியர் ஹவர்தான் தாங்கும். 48 வோல்ட்டுக்கு 13 செல்களை வரிசையாக இணைக்க வேண்டும். 20 ஆம்பியர் ஹவர் வேண்டுமானால் அப்படி ஆறு வரிசை, மொத்தம் 78 செல். ஒரு செல் 45 கிராமுக்குக் குறையாது. செல் மட்டுமே மூன்றரை கிலோ வந்துவிடும். பெட்டி, ஒயர், செல்களைப் பாதுகாக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் சேர்ந்தால் நாலு கிலோவைத் தாண்டும். எல்.எஃப்.பி. வகை என்றால் ஏழெட்டு கிலோ இருக்கும். இரண்டரை கிலோவில் 20 ஆம்பியர் ஹவர் என்பது நடக்கவே நடக்காது.

நான் வாங்கிய ஒரு பேட்டரியிலும் இதே 20தான் ஒட்டியிருந்தது. ஒரு மெக்கானிக் அதைப் பிரித்தபோது உள்ளே 39 செல்தான், அதாவது மூன்றே வரிசை. மீதி இடத்தில் தெர்மாகோல் அடைத்திருந்தார்கள். நல்ல கம்பெனியின் 3.5 செல்லைப் போட்டிருந்தாலும் அது பத்தரை ஆம்பியர் ஹவரைத் தாண்டாது. அரிசிக் கடையில் எடை குறைந்தால் முத்திரை ஆய்வாளரிடம் போகிறோம். பேட்டரியில் பாதியைத் திருடினால் மட்டும் "ஓட்டும் விதம்" என்று சொல்லி வாயை அடைக்கிறார்கள். பெட்ரோலுக்குச் செலவழிக்க முடியாமல் சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுகிறவரின் பணம் இது. எனக்கு இதில் கோபம் தணிவதே இல்லை.

உங்கள் பேட்டரியைப் பிரிக்காதீர்கள், வாரண்டியைக் காட்டி மறுத்துவிடுவார்கள். கரண்ட் அளக்கும் பிளக் மீட்டர் ஒன்றைச் சுவரில் செருகி, அதில் சார்ஜரைப் போடுங்கள். நின்றுபோகும் வரை ஓட்டிய பேட்டரி நிறைவதற்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் இழுக்க வேண்டும். அதில் பாதிகூட இழுக்கவில்லை என்றால் வீடியோ எடுத்துவையுங்கள். தராசில் வைத்தும் ஒரு படம். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுங்கள், மாற்றிவிடுவார்கள். அப்புறம் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் உங்கள் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்து ஃபிரேம் கிட்டுக்கு 28,000 ரூபாய் ஜிபே செய்தேன். ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்பதால் பில் வேண்டாம் என்று நானே சொன்னேன். இரண்டு வாரமாகப் போன் ஸ்விட்ச் ஆஃப். என்ன செய்ய?
*கோவை வாசகர்*

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே போன் செய்யுங்கள். இரண்டு வாரம் காத்திருந்ததே தப்பு, பணம் கை மாறிய முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்று சட்டமே சொல்கிறது. அந்த ஆயுதத்தை நீங்களே கீழே போட்டுவிட்டீர்கள். முகவரி தெரியாத ஒருவருக்கு இவ்வளவு பணத்தை முழுசாக அனுப்பலாமா?

என் மகன் சைக்கிளின் முன்சக்கரத்தில் மோட்டார் பூட்டினான். ஓடும்போது ஆக்சில் (சக்கர அச்சு) சுற்றி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. "பூட்டியது சரியில்லை" என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். கிட்டில் ஒரு காகிதம்கூட இல்லை.
*நாகர்கோவில் வாசகி*

அம்மா, மகன் சீக்கிரம் குணமாகட்டும். உடைந்த ஃபோர்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி.

மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றும்போது ஆக்சிலை எதிர்ப்பக்கம் திருகும். அதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை வேண்டும். அலுமினிய ஃபோர்க்கில் அது இல்லாமல் பூட்டவே கூடாது. அந்தப் பட்டையும் தராமல், எச்சரிக்கையும் எழுதாமல் விற்றிருக்கிறார்கள். சரியான வழிமுறையோ எச்சரிக்கையோ இல்லாமல் விற்ற பொருளால் காயம்பட்டால் இழப்பீடு கேட்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்றே தனி அத்தியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில், எக்ஸ்ரே, கிட் வாங்கிய பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

ஃபிரேம் வந்துவிட்டது. பின்பக்கம் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (துளைக்குள் நுழைத்து மாட்டும் அச்சு), வட்டத் துளை. நான் வாங்கிய ஹப் மோட்டாரின் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் மோட்டார்) ஆக்சில் நுழையவில்லை. அரம் போட்டு ராவலாமா?
*தஞ்சாவூர் வாசகர்*

ராவாதீர்கள். சாதாரண ஹப் மோட்டாருக்கு நட்டுப் போட்டு முறுக்கும் திறந்த டிராப்அவுட், அதாவது அச்சு உட்காரும் பிளவு, வேண்டும். விளம்பரத்தில் "எல்லா ஹப் மோட்டாரும் பொருந்தும்" என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள், மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அப்படிப் போடவில்லை என்றால், அளவு பார்க்காமல் வாங்கியது நீங்கள்தான். மோட்டாரை விற்றுவிட்டு, பெடல் பக்கம் பூட்டும் மிட் டிரைவ் பாருங்கள். இந்தத் தடவை பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுற்றும் குழாய்) அகலத்தை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.