அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களின் வாடகை லேட் ஃபீஸுக்கு உச்சவரம்பு வைத்தால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாரும் எத்தனை டாலர் என்பதிலேயே நிற்கிறார்கள். கட்டுகிற பணம் முதலில் எதில் வரவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸில் கணக்குப் பார்த்தவள் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். நீங்களும் வாடகைக்கு இருப்பவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அங்கே ஒரு அம்மா குடியிருந்தார். முதியவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை சம்பளம். வாடகை 1,150 டாலர். ஒன்றாம் தேதி கட்ட வேண்டும், ஐந்தாம் தேதி வரை பொறுப்பார்கள், ஆறாம் தேதி விடிந்தால் 75 டாலர் லேட் ஃபீஸ். ஒரு மாதம் சம்பள வெள்ளி ஏழாம் தேதியில் வந்து விழுந்தது. அன்றைக்கே மணி ஆர்டர் (முன்கூட்டியே பணம் கட்டி வாங்குகிற, செக் மாதிரியான சீட்டு) எடுத்துக் கொடுத்துவிட்டார், வாடகைப் பணம் மட்டும்.

ஆபீஸின் கணக்கு சிஸ்டம் அதில் 75-ஐ ஃபீஸுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் 1,075-ஐத்தான் வாடகையில் வரவு வைத்தது. அடுத்த மாதம் டாணென்று ஒன்றாம் தேதியே கட்டினார். அதில் 75 பழைய பாக்கிக்குப் போக, இந்த மாத வாடகையில் மறுபடியும் 75 குறை. ஆறாம் தேதி இன்னொரு லேட் ஃபீஸ். இப்படியே தேதி தவறாமல் கட்டியவர் கணக்கில் மாதா மாதம் 75 ஏறிக்கொண்டே போய், கடைசியில் பாக்கியைக் கட்டு, இல்லையென்றால் காலி செய் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மணி ஆர்டர் அடிக்கட்டைகளை ஒரு ஜிப்லாக் பையில் போட்டுக் கொண்டுவந்து, என் மேஜையில் மாத வாரியாகப் பரப்பி வைத்தார். "இதில் எது லேட், நீயே காட்டு" என்றார். முதல் சீட்டைத் தவிர வேறு எதையும் என்னால் காட்ட முடியவில்லை. மேனேஜரிடம் போனால், "சிஸ்டம் போடுகிறது, நாம் என்ன செய்ய முடியும்?" அந்த சிஸ்டத்துக்கு வரிசையைச் சொல்லிக்கொடுத்தது செட்டிங்ஸில் யாரோ போட்ட ஒரு டிக். போனால் போகிறது என்று ஒரு மாத ஃபீஸை மட்டும் மேனேஜர் தள்ளுபடி செய்தார்.

இப்போது வரம்பு விஷயம். நியூயார்க்கில் 2019 சட்டப்படி 50 டாலர் அல்லது மாத வாடகையில் 5 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான். அதுவும் ஐந்து நாள் கழிந்த பிறகே. சியாட்டிலில் 2023 முதல் மாதத்துக்கு 10 டாலர்தான். நல்ல சட்டங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வரவு வரிசை மாறாவிட்டால் மாதம் 75 ஏறுவது 50 ஆக ஏறும், அவ்வளவே. அந்த அம்மாவைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வாஷிங்டன் மாநிலத்தின் விதி: வருகிற பணத்தை முதலில் வாடகைக்குத்தான் வரவு வைக்க வேண்டும், பிறகுதான் ஃபீஸ். அப்படிச் செய்திருந்தால் முதல் 75 அப்படியே நின்றிருக்கும், குட்டி போட்டிருக்காது. கொலராடோ 2021-ல், லேட் ஃபீஸ் பாக்கிக்காக மட்டும் ஆளை வெளியேற்ற முடியாது என்று வைத்தது. இதுவும் முக்கியம்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அவர்களுக்கும் வங்கித் தவணை இருக்கிறது. லேட் ஃபீஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு தாமதத்துக்கு ஒரு ஃபீஸ் வாங்குங்கள், போதும்.

   

ஃபீஸ் போடாமல் பொறுக்கிற சலுகை நாள் கணக்கும் இதே மாதிரிதான். அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வுப் பணம் பலருக்கும் பிறந்த தேதியைப் பொறுத்து மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது புதன்கிழமை வருகிறது. இரண்டாவது புதன் எட்டாம் தேதிக்கு முன்னால் வரவே வராது. கையில் சேமிப்பு இல்லாதவருக்கு ஐந்தாம் தேதி வரை சலுகை கொடுத்து என்ன பிரயோஜனம்?

உங்களுக்கும் ஃபீஸ் ஏறிக்கொண்டிருந்தால் ஆபீஸில் டெனன்ட் லெட்ஜர், அதாவது உங்கள் வரவு பாக்கிக் கணக்கின் பிரின்ட் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தப் பணம் எந்த வரியில் போயிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அடுத்த மணி ஆர்டரில் இன்ன மாத வாடகை என்று எழுதிக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.